இன்றைய ஆப்பிரிக்காவைப் பயில்வது எங்ஙனம்?

ஆப்பிரிக்க சமூகங்களைப் பற்றிச் சர்வகலாசாலைகளில் நடைபெற்றுவரும் படிப்புக்கு வேறெந்தப் படிப்புக்கும் இல்லாத ஒரு துர்ப்பாக்கியம் உண்டு. பிரான்ஸ் தேசத்து சமூகத்தைப் படிக்க விரும்பும் மாணவனுக்கு அந்நாட்டின் தொழிற்சங்கங்களையும் பள்ளிக்கூடங்களையும் தேர்தல்களையும், குடும்ப வாழ்க்கையில் நேர்ந்திருக்கும் மாறுதல்களையும் முதலில் எடுத்துச் சொல்லுகிறார்கள். ஆப்பிரிக்காவைப் படிக்கப் புறப்படுகிறவனுக்கோ முகமூடியும் முரசும் குலமரபுச் சடங்கும் முதற்பாடமாக அமைகின்றன. அவற்றை ஒருவாறு கடந்து வருவானேயானால் பஞ்சமும் உள்நாட்டுப் போரும் அயல்நாட்டுக் கடனும் இரண்டாம் பாடமாகக் காத்திருக்கின்றன. முதற்பாடத்தில் அந்த ஜனங்கள் பழங்காலத்தில் வாழ்கிறார்கள். இரண்டாம் பாடத்தில் பிறர் தயவில் வாழ்கிறார்கள். நம்மைப் போலவே இந்த நூற்றாண்டில், வாடகைக்கு வீடு தேடி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைந்து, சீட்டுக் கட்டி, கைப்பேசியில் ஊருக்குப் பணம் அனுப்பி, நெரிசலான வண்டியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஆப்பிரிக்கனுக்குப் பாடத்திட்டத்தில் இடம் கிடைப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்துவந்திருக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபையில் அங்கம் வகிக்கும் ஆப்பிரிக்க நாடுகள் 54. மக்கள்தொகை 140 கோடிக்கு மேல். மொழிகள் ஏறக்குறைய 2,000. ஜனங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இருபது வயதை எட்டாதவர்கள். நைஜீரியா என்ற ஒரே நாட்டில் 20 கோடிக்கு அதிகமான மக்களும் 500க்குக் குறையாத மொழிகளும் இருக்கையில், ‘ஆப்பிரிக்க சமூகம்’ என்று ஒருமையில் தலைப்பிட்டு, ஒரே பருவத்தில் முடித்துப் பரீட்சையும் வைத்துவிடுகிற துணிச்சல் பேராசிரியர்களுக்கே உரியது. ஆயினும் பரப்பின் விஸ்தாரத்தைப் பெரிய தடையாக நான் கருதவில்லை. ஆசியாவும் விஸ்தாரமானதுதான், அதைப் பகுதி பகுதியாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். படிக்கிறவன் எடுத்துச் செல்லும் கேள்வி எங்கே பிறந்தது என்பதில்தான் தடை இருக்கிறது. ஆளவந்தவனுக்கு ஒரு கேள்வி இருந்தது. கடன் கொடுத்தவனுக்கு ஒரு கேள்வி இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்துவந்த கேள்விகள் சர்வகலாசாலையின் வாசற்படியை ஏறுவதற்கு மிகுந்த காலம் பிடித்தது. இந்தப் படிப்பில் எப்போதெல்லாம் நல்ல நூல் ஒன்று தோன்றியிருக்கிறதோ அப்போதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களின் கேள்வி, எப்படியோ வழி செய்துகொண்டு, உள்ளே புகுந்திருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

ஆட்சியாளரின் கேள்வி சிக்கலில்லாதது: இவர்களை யாரைக் கொண்டு ஆள்வது? உள்ளூர்த் தலைவர்களை முன்னிறுத்தி மறைமுகமாக ஆளும் முறையைக் கைக்கொண்ட பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு, தலைவன் யார், அவனுக்குக் கட்டுப்பட்டோர் யார், வாரிசுப் பாத்தியதை தந்தை வழியிற் செல்கிறதா தாய் வழியிற் செல்கிறதா என்ற விவரங்கள் தேவைப்பட்டன. அன்றைய சூடான் அரசாங்கத்தின் வேண்டுகோளின்மேல் நூயர் மக்களிடையே சென்று வசித்த இவான்ஸ்-பிரிச்சர்ட் 1940ல் வெளியிட்ட நூல் இன்றும் மானிடவியல் மாணவன் கையில் இருக்கத் தகுந்தது. அரசனும் நீதிபதியும் இல்லாத ஒரு சமூகம் தன் சச்சரவுகளை ஒரு வரம்புக்குள் நிறுத்திவைத்துக்கொள்ளும் விதத்தை அவ்வளவு நேர்த்தியாக விளக்கிய நூல்கள் சொற்பம். ஆனால் அந்த நூலில் மாட்டு மந்தைகள் நடுவிலும், சில ஆண்டுகளுக்கு முன்தான் அம்மக்களை அடக்கிய அரசாங்கத்தின் துப்பாக்கிகள் ஓரத்திலும் நிற்கின்றன. இதற்கு இரண்டு வருஷம் முன்பே, லண்டனில் மானிடவியல் பேராசிரியர் மலினோவ்ஸ்கியிடம் பாடம் கேட்ட கென்ய நாட்டு ஜோமோ கென்யாட்டா, தம் சொந்த கிக்குயு ஜனங்களைப் பற்றி 1938ல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதே சாஸ்திரம், அதே பரிபாஷை. வெளிப்பார்வைக்குக் குலமரபு பற்றிய வர்ணனை. உள்ளே ஓடியது, வெள்ளைக் குடியேற்றக்காரர்கள் எடுத்துக்கொண்ட நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு.

ஆட்சியாளரின் கேள்வி ஆராய்ச்சியாளரின் கையிலேயே உருமாறிப்போன இடம் ஒன்றுண்டு. அது இன்றைய ஸாம்பியா, அன்றைய வட ரொடீஷியா. 1937ல் அங்கே நிறுவப்பட்ட ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் முதல் டைரக்டர் காட்ஃப்ரி வில்சன், கிராமத்துக்குப் போகாமல், புரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரத்துக்குப் போய்த் தொழிலாளர்கள் சம்பளத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். தொழிலாளி துணிமணிக்குச் செலவிடுவதைக் கணக்கெடுக்கிறவன் நாளைக்குச் சம்பளம் போதுமா என்றும் கேட்பானல்லவா? சுரங்க நிர்வாகம் அனுமதியை ரத்து செய்தது. 1941ல் அவர் பதவியை விட்டார். அவருக்குப் பின் வந்த மாக்ஸ் கிளக்மன், ஆப்பிரிக்கன் சுரங்கத்தில் இறங்கினால் அவன் முதலில் சுரங்கத் தொழிலாளி, அவனுடைய குலமும் கோத்திரமும் பிறகுதான் என்ற கட்சியை எடுத்துக்கொண்டு, அதை வருஷக்கணக்கில் தம் சகாக்களோடு சோதித்துப் பார்த்தார்.

அந்தச் சோதனையின் மிக அழகிய பலன் கிளைட் மிச்செல் 1956ல் வெளியிட்ட ஒரு சிறு நூல். லுவான்ஷ்யா என்ற செம்புச் சுரங்க ஊரில் விடுமுறை நாட்களில் பிசா என்ற இனத்து இளைஞர்கள் கலேலா என்று ஒரு நடனம் ஆடுவதை அவர் பார்த்தார். எண்ணெய்ப் பீப்பாயின்மேல் மாட்டுத்தோல் கட்டிய முரசு. ஆனால் ஆடுகிறவர்கள் இறகும் தோலும் தரிக்கவில்லை. மடிப்புக் கலையாத காற்சட்டை, பளபளவென்று துலக்கிய சப்பாத்து, படிய வாரிய தலை. அவர்களிடையே ஒருவர் ‘ராஜா’, கறுப்பு ஸூட் அணிந்தவர். ஒருவர் ‘டாக்டர்’, வெள்ளை அங்கியில் செஞ்சிலுவை தரித்தவர். குழுவின் ஒரே பெண் ‘நர்ஸ்’, ஆடுவோரிடையே கண்ணாடியும் கைக்குட்டையும் ஏந்திச் சென்று, வியர்வை துடைத்துக்கொண்டு முகத்தைச் சரிபார்த்துக்கொள்ள அவர்களுக்கு உதவுகிறவள். பாட்டிலோ, தங்கள் ஊரின் பெருமையும், சுரங்கக் குடியிருப்பில் அடுத்த வரிசையில் வசிக்கும் மற்ற இனத்தாரைப் பற்றிய கேலியும். பழைமையில் ஊறிய ஆராய்ச்சியாளனாக இருந்தால் இதைக் கெட்டுப்போன கிராம நடனம் என்று தள்ளியிருப்பான். மிச்செலோ, ஊரும் பேரும் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ஒரே கிணற்றடியிலும் ஒரே மதுக்கடையிலும் சந்திக்க நேரும் நகரத்தில், முன்பின் அறியாதவனை இன்னான் என்று வகைப்படுத்திக்கொள்ள உதவும் அடையாளமாக இனப்பெயர் மாறிவிட்டது என்பதையும், கிராமத்துத் தலைவனின் அதிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் சொற்பமே என்பதையும் அந்த ஒரு நடனத்திலிருந்து படிப்படியாக நிறுவினார்.

கிராமத்து அதிகாரம் சுரங்கத்தில் செல்லாது என்பதைத் தொழிலாளர்கள் ஆராய்ச்சியாளருக்கு முன்பே தீர்மானித்திருந்தனர். 1935ல் வரி உயர்வை எதிர்த்து லுவான்ஷ்யாவில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர்களின் பிரதிநிதிகள் என்று நிர்வாகம் நியமித்துவைத்திருந்த குலப் பெரியவர்கள் கூட்டத்துக்கு அஞ்சி அதே நிர்வாகத்தின் அலுவலகத்தில் போய்ப் புகுந்துகொண்டார்கள். போலீஸ் சுட்டதில் ஆறு பேர் மாண்டார்கள். பின்னர் சங்கம் அமைந்தது. 1953ல் தொழிலாளர்கள் வாக்களித்து அந்தப் பெரியவர் பதவியையே ஒழித்தார்கள். கிளக்மனின் சகாக்களில் ஒருவரான எப்ஸ்டைன் இந்தக் கதையை 1958ல் எழுதியபோது, ஆப்பிரிக்கத் தொழிலாளர் தாமே கேட்டுத் தாமே விடை கண்டிருந்த ஒரு கேள்விக்கு அவர் எழுத்து வடிவம் கொடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும். வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்து, பாட்டுக்களை எழுதியெடுத்து, வெள்ளைக்காரன் கால்வைக்க முடியாத கூட்டங்களில் உட்கார்ந்து வந்து சொன்ன ஆப்பிரிக்க உதவியாளர்கள் பலர். நூல்களின் முகப்பில் அவர்கள் பெயரைக் காணோம். அந்த ஸ்தாபனத்தின் கியாதியில் அவர்களுக்கு உள்ள பங்கைப் பிற்காலத்தில்தான் சரித்திர ஆசிரியர்கள் எடுத்துரைத்தார்கள்.

செம்பைவிட்டுக் கோக்கோவுக்கு வருவோம். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆராய்ச்சியாளர் போலி ஹில் என்ற ஆங்கில மாது. கெயின்ஸ் என்ற பொருளாதார மேதையின் சகோதரி மகள். பொருளாதாரம் பயின்று, பத்திரிகையில் எழுதி, 1954ல் கானாவின் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தவர். 1891ல் சில ராத்தல் கோக்கோ ஏற்றுமதி செய்த அந்நாடு, 1911க்குள் உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டது. இருபது வருஷத்தில் இந்த அதிசயத்தை நிகழ்த்தியவர் யார்? பாடப் புத்தகங்களின் பதில், தங்கள் சோற்றுக்குப் பயிரிட்டுக்கொண்டிருந்த சிறு குடியானவர்கள் வீட்டோரத்தில் இரண்டொரு ஏக்கரில் கோக்கோவையும் நட்டார்கள் என்பது. போலி ஹில் விவசாய இலாகா தயாரித்துவைத்திருந்த நில வரைபடங்களை எடுத்து விரித்தபோது, அவற்றில் நீள நீளமான கீற்றுக்களாக நிலம் பிரிந்துகிடந்தது. குடியானவன் வீட்டோரத்தில் நட்ட நிலம் இப்படி அளவெடுத்தாற்போல் கீற்றுக்கீற்றாக அமையுமா என்று அவர் ஐயுற்றார். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வயதான விவசாயிகளைத் தேடிப் போனார்.

அவர்கள் சொன்ன கதை வேறு. அக்வாப்பிம் குன்றுகளைச் சேர்ந்தவர்களும் க்ரோபோ முதலிய மற்ற இனத்தாரும் கூட்டாகச் சேர்ந்து, ‘கம்பெனி’ என்றே அதற்குப் பெயர் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, அகிம் தலைவர்களிடமிருந்து காட்டு நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். ஓர் எல்லையில் நின்று கயிறு பிடித்து அளந்து, போட்ட பணத்துக்கு ஏற்ற அகலமுள்ள கீற்றாக ஆளுக்கொன்று பிரித்துக்கொண்டார்கள். தாய்வழிப் பாத்தியதை உள்ள ஊர்க்காரர்களோ கம்பெனி சேராமல் குடும்பமாக வாங்கினார்கள். அவர்கள் நிலம் வரைபடத்தில் கீற்றாக இராது, ஒட்டுப்போட்ட துணிபோலக் கிடக்கும். ஒரு நிலம் காய்க்கத் தொடங்கியதும் அந்தப் பணத்தைக் கொண்டு மேற்கே அடுத்த நிலம்; அதிலிருந்து அடுத்தது; வழியில் டென்சு ஆறு குறுக்கிட்டபோது, அரசாங்கத்துக்கு மனுப் போட்டுக் காத்திராமல், தாங்களே ஒப்பந்தக்காரர்களை அமர்த்திப் பாலம் கட்டிக்கொண்டார்கள். முதலீடு செய்து, லாபத்தைத் திரும்ப முதலீடு செய்து, நெடுங்காலத்துக்கு முன்னோக்கித் திட்டமிட்டவர்களை, சோற்றுக்கு விதைத்த குடியானவர்கள் என்று அத்தனை காலமும் அழைத்துவந்திருக்கிறார்கள். 1963ல் வெளிவந்த அந்த நூலைப் படிக்கையில், ஒரு சமூகத்தின் உறவுமுறையும் அதன் மூலதனமும் ஒரே நில வரைபடத்தில் பதிந்திருப்பதைக் காண்கிறோம்.

பிறகு அவர் வட நைஜீரியாவில் கட்ஸினாவுக்கு அருகிலுள்ள பாட்டகராவா என்ற ஹௌஸா கிராமத்துக்குப் போனார். அங்கே சந்தை இல்லை. மணமான ஸ்திரீகள் வீட்டுக்கு வெளியே வருவதில்லை. ஆகவே அவர்களுக்குப் பொருளாதார வாழ்வே இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் கவனித்ததோ வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியரை. தானியமும் கடலையெண்ணெயும் சமைத்த பண்டங்களும் குழந்தைகளின் தலையில் ஏறி வீதியெங்கும் போய்வந்தன. விலைச் செய்தியும் அவர்களோடு போய்வந்தது. சுவருக்குள் இருந்த ஒவ்வொரு பெண்ணும் தன் கணவனுடைய கணக்கில் சேராத சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சந்தையின் ஆயிரம் அறைகளை அவர் 1969ல் ஒரு கட்டுரையில் திறந்து காட்டினார். இதே மாது 1970களின் பிற்பகுதியில் நம் ஓசூருக்கு வெகு தூரமில்லாத கர்நாடகத்து ஆனேக்கல் வட்டத்துச் சிற்றூர்களில் வந்து தங்கி, ஹௌஸா நாட்டில் கேட்ட கேள்விகளையே இங்கேயும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு 1982ல் ஒரு நூல் எழுதினார் என்பது நம்மவரில் பலர் அறியாத விஷயம். ஏழ்மை எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்கவேண்டும். ஜாதி என்பதையே அறியாத ஹௌஸா கிராமத்தில், நிலமின்றிக் கூலியையே நம்பிப் பரம்பரையாக வாழும் குடும்பங்கள் என்றொரு வர்க்கம் பெரும்பாலும் இல்லை; கர்நாடகத்தில் அது கண்ணெதிரே இருந்தது. ஆப்பிரிக்காவில் கற்ற கண்ணோடு இந்தியாவைப் பார்த்ததால் புலப்பட்டது அது. மேல்நாட்டை அளவுகோலாக வைத்திருந்தால் இரண்டு இடமும் ‘பின்தங்கியவை’ என்ற ஒரே பெட்டியில் போய் விழுந்திருக்கும்.

இதுவரை பெயர் சொன்னவர்களில் கென்யாட்டாவைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். ஆப்பிரிக்கர் சர்வகலாசாலையில் ஆசிரியராகவே உட்கார வந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு ஆர்ச்சி மாஃபேஜேயின் சரித்திரம் ஒன்று போதும். கேப் டவுன் நகரை ஒட்டி ஆப்பிரிக்கருக்கென ஒதுக்கப்பட்ட லாங்கா என்ற குடியிருப்பில், மாணவராக இருந்தபோதே கள ஆராய்ச்சி செய்து, பேராசிரியை மோனிகா வில்சனுடன் சேர்ந்து 1963ல் நூல் வெளியிட்டவர் அவர். ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள் ஓர் அறையில் கூடிச் சமைத்துண்பதும், நகரத்திலேயே பிறந்த வாலிபர்கள் அவர்களை ஏளனமாகப் பார்ப்பதுமாக, லாங்காவின் உட்பிரிவுகளை அந்த நூல் நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறது. 1968ல் கேப் டவுன் சர்வகலாசாலை அவரை மானிடவியல் விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது, அரசாங்கம் மிரட்டியது, சர்வகலாசாலை நியமனத்தைத் திரும்பப் பெற்றது. மாணவர்கள் நிர்வாகக் கட்டிடத்தில் ஒன்பது நாள் அமர்ந்து போராடியும் பயனில்லை. கறுப்பரைப் பற்றிப் படிக்கப் பீடம் வைத்திருந்த சர்வகலாசாலை, கறுப்பர் ஒருவரை அந்தப் பீடத்தில் சேர்த்துக்கொள்ளாத விந்தை அது. மாஃபேஜே அயல்நாடுகளில் வாழ்ந்துகொண்டே 1971ல் எழுதிய கட்டுரையில், ஆப்பிரிக்காவில் நிகழும் ஒவ்வொரு பூசலையும் குலப்பகை என்று விளக்கிவிடுவது, பதவிக்கும் பணத்துக்கும் போட்டியிடும் மேல்தட்டினருக்கும், அவர்களைப் படிக்க வந்த ஆராய்ச்சியாளருக்கும் ஒருங்கே சௌகரியமான பொய் என்று எழுதினார். இன்றும் பத்திரிகைகளில் கென்யத் தேர்தல் பற்றியோ சூடான் யுத்தம் பற்றியோ படிக்கும்போது அந்தக் கட்டுரை எனக்கு ஞாபகம் வருகிறது.

சுதந்திரம் பெற்ற நாடுகள் தங்கள் சொந்த சர்வகலாசாலைகளில் இந்தப் படிப்பைத் தாங்களே ஏற்று நடத்த முற்பட்டன. கானாவின் லெகோன் வளாகத்தில் ஆப்பிரிக்கவியல் நிலையத்தை 1963 அக்டோபர் 25ஆம் தேதி ஜனாதிபதி குவாமே நிக்ரூமா முறையாகத் திறந்துவைத்து, இங்கே நடைபெறும் ஆராய்ச்சி ஆப்பிரிக்காவை மையமாகக் கொண்ட கண்ணோட்டத்தில் அமையவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அரசியல்வாதிகளின் திறப்புவிழாப் பேச்சு திறந்த அன்றே மறைந்துபோவது வழக்கம். இது அப்படி மறையவில்லை. அரபு எழுத்துச் சுவடிகளைத் திரட்டினார்கள். நிக்கெட்டியா என்ற இசையறிஞர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டைப் பதிவு செய்தார். சட்டம் படிக்க வந்தவரோ பௌதிகம் படிக்க வந்தவரோ, லெகோனில் சேர்ந்தவர் ஆப்பிரிக்கவியலில் தேறியாக வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. 1968ல் நைரோபியில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் இரு சகாக்களும் ஆங்கில இலக்கியத் துறையையே எடுத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுநாயகமாக வைக்கச் சொன்னார்கள். தான்சானியாவின் டார் எஸ் சலாமில் வால்டர் ராட்னி, இஸ்ஸா ஷிவ்ஜி முதலியோர் சோஷலிஸம் பேசிய அரசாங்கத்தின் கீழிருந்துகொண்டே, அதிகாரிகளும் ஒரு வர்க்கமாகிவருகிறார்களே என்று கேட்டார்கள். 1973ல் டாக்காரைத் தலைமையிடமாகக் கொண்டு சமூக விஞ்ஞானிகளின் கூட்டமைப்பு ஒன்று, பொருளாதார அறிஞர் ஸமீர் அமீனின் முயற்சியால், கண்டம் முழுவதற்குமாக எழுந்தது.

பிறகு வந்தது வறட்சி. 1980களில் உலக வங்கியின் கணக்கர்கள், ஆரம்பக் கல்வியில் போடும் பணத்துக்குத்தான் பலன் அதிகம், உயர்கல்விக்குக் குறைவு என்று கூட்டிக் கழித்துச் சொல்ல, கடன்பட்ட அரசாங்கங்கள் சர்வகலாசாலைகளின் மான்யத்தை வெட்டின. சம்பளம் பணவீக்கத்தில் கரைந்தது. ஆசிரியர்கள் பலர் கடல் கடந்தார்கள். எஞ்சியவர்கள் குடும்பத்தைக் காப்பாற்ற அயல்நாட்டு உதவி நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். ஆட்சியாளரின் கேள்வி போன இடத்தில் கடன்காரரின் கேள்வி வந்து உட்கார்ந்தது. கம்பாலாவின் மக்கெரெரே சர்வகலாசாலையில் சமூக ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டராக 2010ல் பொறுப்பேற்ற மஹ்மூத் மம்தானி இந்த வியாதிக்குப் பெயர் சூட்டாமல் விடவில்லை: பிறர் வகுத்துக் கொடுத்த கேள்விக்கு விடை தேடுகிறவன் ஆலோசகன், கேள்வியையே வகுத்துக்கொள்கிறவன்தான் ஆராய்ச்சியாளன் என்பது அவர் வாதம். கம்பாலாவில் வளர்ந்து, 1972ல் இடி அமீன் ஆசியரைத் துரத்தியபோது துரத்தப்பட்டு, பின் திரும்பிவந்த குஜராத்தி வம்சத்தவர் அவர். உகாண்டாவுக்கு யார் சொந்தம் என்பது அவருக்குப் புத்தகக் கேள்வியாக மட்டும் இருந்திருக்க முடியாது. முதலிரண்டு வருஷம் உட்கார்ந்து படித்துவிட்டுப் பிறகே ஆராய்ச்சிக்குப் போகும்படியான முனைவர் பட்ட வகுப்பை அங்கே அவர் 2012ல் தொடங்கினார். பெனின் நாட்டுத் தத்துவ ஆசிரியர் பாலின் ஹூன்டோன்ஜி இதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தார்: ஆப்பிரிக்கா மூலப்பொருளை அனுப்பிச் செய்பொருளை வாங்குவதுபோல், விவரங்களை அனுப்பிக் கொள்கைகளை இறக்குமதி செய்துகொள்கிறது.

ஹூன்டோன்ஜியின் குறை நியாயமானது. ஆயினும் கொள்கைகளும் அங்கிருந்து புறப்பட்டிருக்கின்றன, நாம் அறியாமலே அவற்றைப் பயன்படுத்திவருகிறோம். அக்ரா நகரத்தில் நீமா என்ற ஏழைக் குடியிருப்பில், வடக்கிலிருந்து பிழைக்க வந்த ஃப்ராஃப்ரா ஜனங்களிடையே 1960களில் வாழ்ந்த கீத் ஹார்ட் என்ற இளைஞர், வேலையில்லாதவர்கள் என்று சர்க்கார் புள்ளிவிவரம் குறித்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் நாலைந்து தொழில் செய்துகொண்டிருந்ததைக் கண்டார். கணக்கில் சேராத அந்த உழைப்பை முறைசாராத் துறை என்று 1971ல் ஒரு மாநாட்டில் அவர் விவரித்தார். மறுவருஷமே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கென்யாவைப் பற்றிய தன் அறிக்கையில் அக்கருத்தை எடுத்தாள, அது உலகெங்கும் பரவியது. இன்று நடைபாதை வியாபாரிகளைப் பற்றியும் வீட்டுவேலை செய்வோரைப் பற்றியும் நம் பொருளாதார ஆசிரியர்கள் பேசுகிற பேச்சில் நீமாவின் வாடை இருக்கிறது. கென்யாவில் கைப்பேசி வழியே பணம் அனுப்ப உதவும் எம்-பெசாவின் கதையும் இந்த வகைதான். சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கைப்பேசி வழியே கட்ட வசதியாகக் கைப்பேசி நிறுவனத்தார் அதை ஒத்திகை பார்த்தார்கள். ஜனங்களோ அதைக் கொண்டு ஊரிலுள்ள தாய்க்கும் தம்பிக்கும் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். நிறுவனத்தார் புத்திசாலிகள், ஜனங்கள் காட்டிய வழியிலேயே 2007ல் அதை நாடெங்கும் வெளியிட்டார்கள். ஈமச் சடங்குக்கு யார் எவ்வளவு அனுப்பினார், சாமா என்ற பெண்கள் சீட்டில் இந்த மாதம் யார் எடுத்தார் என்றெல்லாம் அந்தக் கைப்பேசிக் கணக்கைப் பின்தொடர்ந்து போனால், நைரோபியின் குடும்பம் எது, அதன் எல்லை எதுவரை என்பது, பழைய வம்சாவளிப் படங்களில் காணாத தெளிவோடு புலப்படும்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு புதிதல்ல. நேருவின் ஊக்கத்தால் 1950களின் நடுவிலேயே தில்லி சர்வகலாசாலையில் ஆப்பிரிக்கவியல் துறை பிறந்தது. பம்பாயில் 1971ல் ஒரு மையம் வந்தது. அணிசேராக் கொள்கை, நிறவெறி எதிர்ப்பு, அங்கே குடியேறிய இந்தியர் நிலை, பிற்பாடு வியாபாரமும் கடற்பாதுகாப்பும் என்று பெரும்பாலும் ராஜாங்க விவகாரங்களைச் சுற்றியே அது சென்றது என்பது என் வருத்தம். அதுவும் ஓர் அரசாங்கத்தின் கேள்விதான். நம் அரசாங்கத்தினுடையது என்பதால் சிறப்பாகிவிடாது. தமிழ்நாட்டிலோ விஷயம் இன்னும் விநோதம். சென்னை ஐ.ஐ.டி. 2023ல் சான்சிபார் தீவில் தன் வளாகத்தைத் திறந்து, தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆப்பிரிக்க மாணவர்கள் நம் ஊர்க் கல்லூரிகளுக்கு வருஷந்தோறும் வந்து, நம்மவர்கள் கேட்கும் பாமரத்தனமான கேள்விகளுக்குப் புன்னகையோடு பதில் சொல்லிவிட்டுப் பட்டம் வாங்கிப் போகிறார்கள். கற்பிக்கப் போகிறோம், கற்பிக்க வரவழைக்கிறோம். கற்றுக்கொள்ளும் எண்ணம் மாத்திரம் இன்னும் உதிக்கவில்லை.

நமக்கென்று ஒரு கேள்வி இல்லாமற்போகவில்லை. போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் நம் கரையிலும் ஊன்றிய முந்திரி, இன்று தான்சானியாவின் தென்கோடியிலுள்ள ம்ட்வாரா துறைமுகத்திலிருந்து தோலோடு கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்குகிறது; நம் ஊர் ஆலைகளில் பெண்களின் கையில் உடைபடுகிறது. அங்கே விவசாயிகள் கொட்டையைக் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் சேர்த்து ரசீது பெற, ஏலம் விட்டு விற்பது முறை. 2018 அக்டோபரில் ஏலத்தில் கேட்கப்பட்ட விலை அடிமாட்டு விலை என்று அவர்கள் விற்க மறுத்தார்கள். ஜனாதிபதி மகுஃபுலி வியாபாரிகளை விலக்கிவிட்டு, கிலோவுக்கு 3,300 ஷில்லிங் என்று விலை வைத்து, கொட்டையை வாங்கி ஏற்றிவரப் பட்டாளத்தையே அனுப்பினார். மறுத்தவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது, சங்கத்தை நடத்துகிறவர் எந்தக் குடும்பத்தார், ரசீதைப் பாதி விலைக்கு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் தரகர் உண்டா, பட்டாளம் போனபின் பணம் யார் கைக்கு எப்போது சேர்ந்தது என்றெல்லாம் அந்த விவசாயிகளும் கேட்கிறார்கள். வரவு குறைந்து வேலை நின்றால் கூலி இழக்கும் நம் ஆலைப் பெண்களும் கேட்கலாம். கேள்வி இருபுறமும் சொந்தமாக இருப்பது ஆராய்ச்சியில் அபூர்வமாகக் கிடைக்கும் பாக்கியம்.

ஆகவே நம் சர்வகலாசாலைகளில் ஒன்றேனும், பெரிய கட்டிடமும் பெயர்ப்பலகையும் வேண்டாமல், இரண்டு மாணவர்களைக் கொண்டு இதைத் தொடங்கலாம். முதல் வருஷம் மொழி. ஸ்வாஹிலியின் பொது வழக்கை நிர்ணயிக்க 1928ல் மொம்பாசாவில் கூடிய மாநாடு சான்சிபார் வழக்கையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அந்தத் தீவின் அரசாங்க சர்வகலாசாலையில் அயல்நாட்டவருக்கு ஸ்வாஹிலி கற்பிக்கிறார்கள். நம் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இறங்கும் விமான நிலையத்திலேயே இந்த மாணவர்களும் இறங்கலாம். இரண்டாம் வருஷம் டார் எஸ் சலாமில் அந்நாட்டு ஆசிரியரிடம் பாடம் கேட்டு, ஷிவ்ஜியையும் மாஃபேஜேயையும் போலி ஹில்லையும் படித்து, அந்த வகுப்பறையில் கேட்கப்படும் கேள்விகள் எவையென்று காது கொடுக்கட்டும். மூன்றாம் வருஷம் ம்ட்வாராவுக்கு உள்ளே, தண்டஹிம்பாவிலோ நேவாலாவிலோ, பூப்பதிலிருந்து ஏலம் முடிகிற வரையில் தங்கட்டும். அதே காலத்தில் டார் எஸ் சலாம் சர்வகலாசாலையிலிருந்து மாணவி ஒருத்தியைப் பண்ருட்டிக்கு அழைப்போம். ஓர் ஆலையின் உடைப்புக் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து, இவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, ஆலை முதலாளியும் மேஸ்திரியும் என்ன ஜாதி, உடைக்கும் பெண்கள் என்ன ஜாதி, விரல்களைக் கறுப்பாக்கும் முந்திரித்தோல் எண்ணெய்க்கு யார் கையுறை வாங்கித் தருகிறார் என்று அவள் கேட்பாள். தமிழரின் சமூகத்தைப் பற்றி ஸ்வாஹிலி மொழியில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதுவதற்கு வேண்டிய ஆவணங்களை நம் தொழிலாளர் நல அலுவலகங்கள் அவளுக்குக் காட்டியாக வேண்டும்.